படிவத்தில் இல்லாத கட்டம்

ஜனவரி 12

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, தைலம் தீர்ந்துவிட்டதா என்று முதலில் எழுது. மற்ற கதையெல்லாம் பிறகு.

நான் வேலைக்கு சேர்ந்து பத்து நாள் ஆகிறது. அறை இரண்டாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிரே லாரி ஷெட்டின் தகரக் கூரை. மழை பெய்தால் பக்கத்தில் ஆள் பேசுவது கேட்காது. வீட்டுக்காரம்மா நல்லவர், ஆனால் நான் விளக்கை அணைத்தேனா என்று வாசலில் நின்று பார்ப்பார்.

"என்னடி வேலை அது, புரியற மாதிரி சொல்லு" என்று போனில் கேட்டாய். நான் உளறினேன். இப்போது சொல்கிறேன். மருந்துத் தொழிற்சாலைகளில் சில திரவங்களோடு ஹைட்ரஜனைச் சேர்க்க வேண்டியிருக்கும். இரண்டும் தானாகச் சேராது. நடுவில் ஒரு கல்யாணத் தரகர் வேண்டும். பல்லேடியம் என்ற உலோகம்தான் அந்தத் தரகர். சேர்த்துவைத்துவிட்டு, கமிஷன் கேட்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். விலை தங்கம் மாதிரி. அதனால் துளித்துளியாக எதன் மேலாவது ஒட்டித்தான் பயன்படுத்துவார்கள். இதுவரை கரித்தூள் மேல் ஒட்டினார்கள். வேலை முடிந்ததும் அந்தத் தூளை வடிகட்டுவது பெரும்பாடு. கொஞ்சம் காய்ந்தாலும் தீப்பிடிக்கும்.

நாங்கள் மிளகளவு பீங்கான் மணிகளை எடுத்துக்கொள்கிறோம். உலை ஒரு நீளப் பெட்டி. உள்ளே எத்திலீன் வாயுவை ஓடவிட்டால் மணியின் மேல் கண்ணுக்குத் தெரியாத கரிக்குழாய்கள் புல் மாதிரி முளைக்கும். அந்த பெட்டி குளிரும்வரை கண்ணாடி வழியாகப் பார்த்து கொண்டு நிற்பேன். வெள்ளையாகப் போன மணி, கம்பளி போர்த்திக்கொண்டு கறுப்பாக வெளியே வரும். அந்தக் கம்பளியில்தான் பல்லேடியம் உட்காரும். மணிகளைக் கூடையில் போட்டுத் திரவத்தில் இறக்கினால் போதும். வடிகட்டும் வேலையே இல்லை.

பக்கத்து மேஜைக்காரருக்கு எல்லோரும் வைத்திருக்கும் பேர் மீட்டர். கான்டீனுக்கு எத்தனை அடி என்றுகூட அளந்து வைத்திருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு.
உன் பெண்


ஜனவரி 27

என் செல்லத்துக்கு,

முழங்கால் படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறது. தைலம் இன்னும் அரைப்புட்டி இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். நீ பசியை மறக்கிற ஜாதி.

முப்பது வருஷம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்த கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். "வேலைக்குச் சேர்ந்து", "அந்தப் பெட்டி", "பார்த்துக் கொண்டு". மூன்று இடத்தில் ஒற்றை விழுங்கியிருக்கிறாய். படித்தவள் எழுத்தா இது?

தரகர் கதை நன்றாகப் புரிந்தது. ஒன்றுதான் புரியவில்லை. குழாய் என்கிறாய், கண்ணுக்குத் தெரியாது என்கிறாய். அவ்வளவு மெல்லிசானதை எங்கள் காலத்தில் நார் என்றுதான் சொல்வோம். அது குழாயா, நாரா? வேலைக்குப் போட்டுப்போகும் உடுப்பை எங்கே துவைக்கிறாய்?

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சிரிக்காதே. விடியற்காலை ஐந்தரைக்கு உங்கப்பா இருமுகிறார். நான் கண்விழிக்கும்போது இருமல் முடிகிற நேரமாக இருக்கிறது. கடைசி ஒன்றிரண்டுதான் காதில் விழும். எழுந்து பார்த்தால் அறையில் யாரும் இல்லை. முதல் ஷிப்டுக்கு அவர் கிளம்புகிற நேரம் அது. போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் ஷிப்டை விடவில்லை மனிதர்.

பயமில்லை. உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

அம்மா


பிப்ரவரி 10

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் சிவப்பு மையோடு கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போன மாதிரி இருந்தது. நான் நலம். இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், மூன்றாவதைப் பற்றிக் கேட்காதே.

நீ என்ன கேட்கிறாய் என்று புரிகிறது. இது அப்பா பிரேக் பட்டறையில் அறுத்த கல்நார் இல்லை அம்மா, ஆஸ்பெஸ்டாஸ் இல்லை. மணியிலேயே வேர் பிடித்து முளைப்பது. ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், பறக்காது. உலை மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. உடுப்பு இங்கேயே துவைக்கப்படுகிறது. கையுறை, முகமூடி எல்லாம் உண்டு.

அப்படி ஒட்டிக்கொண்டு இருக்கிறதா என்று பார்க்கிற சோதனையை என்னிடமே கொடுத்திருக்கிறார் மேலாளர். மணிகளைத் திரவத்தில் போட்டு ஐந்நூறு மணி நேரம் சுழலவிட்டு, முன்னும் பின்னும் எடை பார்க்க வேண்டும். முடிவை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மருந்துக் கம்பெனிக்கு முதல் சரக்கு போகும். சேர்ந்த இரண்டாம் மாதமே இவ்வளவு பெரிய வேலை. அப்பா இருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பார்.

இருமல் சத்தம் குளியலறைக் குழாயாக இருக்கலாம். விடியற்காலையில் மேல்வீட்டில் மோட்டார் போட்டால் குழாயில் காற்று அடைத்துக்கொண்டு அப்படித்தான் கேட்கும். ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்.

உன் பெண்


மார்ச் 6

என் செல்லத்துக்கு,

குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டுக் குழாய் புதுசு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். உங்கப்பாவும் நிற்கவில்லை. இப்போது பகலிலும் கேட்கிறது, படி ஏறி வந்து உட்காரும்போது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பிரேக் பட்டறையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் பின்பக்கக் கொடியில் போடுவார். துவைப்பதற்கு முன்னால் அதை எடுத்து நாலு தடவை ஓங்கி உதறுவேன். வெள்ளையாகப் பறக்கும். வெயில் பட்டால் மின்னும். நீ சின்னப் பிள்ளை, அதைப் பிடிக்க ஓடிவருவாய். நான் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை உதறுவேன்.

அதைத்தான் இப்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு வேலை இல்லை பார்.

போன் செய்தால் எடுக்கவில்லை என்று கோபிக்காதே. காதில் ஏதோ இரைச்சல், போனை வைத்தால் அதிகமாகிறது. கடிதமே போதும். பக்கத்து வீட்டு டீச்சர் தினம் வந்து எட்டிப் பார்க்கிறார், அதனால் கவலை வேண்டாம்.

சோதனை எப்படிப் போகிறது?

அம்மா


ஏப்ரல் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

சோதனை முடிந்துவிட்டது. எடை சரியாக இருக்கிறது. பல்லேடியமும் அப்படியே இருக்கிறது. அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலை அதிகமாக இருப்பதால் நீளமாக எழுத முடியவில்லை. காதுக்கு மருத்துவரைப் பார்.

உன் பெண்


ஏப்ரல் 9

என் செல்லத்துக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒரு பிழைகூட இல்லை. ஒற்று, புள்ளி எல்லாம் அதது அதன் இடத்தில் இருக்கிறது. நீ அப்படி எழுதுகிறவள் இல்லை. ஒரு தாளில் எழுதிப் பார்த்து, அடித்து, இன்னொரு தாளில் நகல் எடுத்திருக்கிறாய். எதை அடித்தாய்?

அச்சகத்தில் இப்படித்தான். வழக்கம்போல் பிழையோடு வருகிற மெய்ப்பில் ஒரு பத்தி மட்டும் ரொம்பச் சுத்தமாக இருந்தால், அங்கே ஏதோ ஒரு வரியை எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் திட்ட மாட்டேன். எழுது.

அம்மா


மே 1

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் சரியாக இல்லை.

அடித்த வரி இதுதான். எடை சரியாகத்தான் இருந்தது. ஆனால் மணிகளை எடுத்த பிறகு திரவம் லேசாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதை வடித்துப் பார்க்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாக வடித்தேன். வடிதாள் கறுத்துவிட்டது. மீட்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார். திரையில் வந்ததை இரண்டு பேரும் பார்த்தோம். ஊசி ஊசியாக, நேர்நேராக, ஒன்றின் மேல் ஒன்று. மணிகள் சுழலும்போது ஒன்றோடொன்று உரசி உதிர்ந்திருக்கின்றன.

அப்பாவின் நுரையீரலில் எடுத்த துண்டைப் படம் பிடித்து, டாக்டர் நமக்குக் காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் படம் மாதிரியே இருந்தது அம்மா. அது வேறு பொருள், இது வேறு பொருள், ஒன்று செய்ததை இன்னொன்றும் செய்யும் என்று யாரும் நிச்சயமாகச் சொல்லிவிடவில்லை. செய்யாது என்றும் சொல்லவில்லை. எனக்கு எல்லாம் தெரியும். படித்தவள்தான். ஆனால் அன்றிலிருந்து ஆய்வகத்தில் தனியாக இருக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ சட்டையைக் கழற்றிப் போடுகிற மாதிரியே இருக்கிறது. திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

மேலாளரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. படிவத்தை எடுத்துப் பொறுமையாகக் காட்டினார். பல்லேடியம் எவ்வளவு உதிர்கிறது என்பதற்கு ஒரு கட்டம். மொத்த எடைக்கு ஒரு கட்டம். நார் எவ்வளவு உதிர்கிறது என்பதற்குக் கட்டமே இல்லை. "இல்லாத கட்டத்தை நாம எதுக்கும்மா நிரப்பணும்?" என்றார். வாங்குகிற கம்பெனி எப்படியும் தன் மருந்தை வடிகட்டத்தான் செய்யும் என்றார். மருந்தை வடிகட்டுவார்கள். கூடையைக் காயவைத்துத் தட்டி, மணியை மாற்றிப் போடுகிறவர்கள் மூச்சை எதை வைத்து வடிகட்டுவது?

பன்னிரண்டு நாளாகக் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன். போடவில்லை என்றால் இந்தப் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு. மீட்டருக்கு இரண்டு பிள்ளைகள்.

அப்பாவின் பட்டறையில் வருஷா வருஷம் மருத்துவச் சோதனை நடக்குமே, அதற்கு யார் கையெழுத்துப் போட்டார்கள்?

உன் பெண்


மே 8

என் செல்லத்துக்கு,

தூங்கு. முதலில் தூங்கு. தூங்காதவள் எடுக்கிற முடிவு எதுவும் நிற்காது.

பட்டறை டாக்டர்தான் போட்டார். நல்ல மனிதர், குடை இல்லாமல் வருவார், நம் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். அவர் கொடுத்த அட்டைகள் பதினொன்றும் என்னிடம் இருக்கின்றன. பதினொன்றிலும் "நலம்" என்று எழுதியிருக்கிறது. ஏழாவது அட்டையில் உள்ள தேதியில் உங்கப்பா வேலைக்கே போகவில்லை. உனக்கு அம்மை போட்டிருந்தது. பகல் முழுக்க உன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எந்த நெஞ்சைத் தொட்டுப் பார்த்து நலம் என்று எழுதினார் அந்த டாக்டர்?

இதை நான் இன்று கண்டுபிடிக்கவில்லை. அட்டை வீட்டுக்கு வந்த அன்றே பார்த்துவிட்டேன். ஊரார் தப்பையெல்லாம் பிடிக்கிறவள், அதை அப்படியே மடித்து உள்ளே வைத்தேன். கேட்டால் வேலைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். அப்போதே கேட்டிருந்தால் அவர் அந்த வேலையை விட்டிருப்பாரா, தெரியாது. கேட்கவில்லை, அது தெரியும்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மெய்ப்புப் பார்க்கிறவள் ஆசிரியரின் வரியை மாற்றக் கூடாது. ஓரத்தில் குறி போடலாம், அவ்வளவுதான். போட்டுவிட்டேன்.

உங்கப்பா இப்போது கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து இருமுகிறார். எழுந்து தண்ணீர் எடுத்து வைக்கிறேன்.

அம்மா


மே 30

அன்புள்ள தங்கச்சிக்கு,

பக்கத்து வீட்டு டீச்சர் எழுதுகிறேன். அங்கே நீ நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

உங்கள் அப்பா இருமுவதாக அம்மா உனக்கு எழுதியிருக்கிறார்கள் என்று அவர்களே சொன்னார்கள். நான் இந்த வீட்டுக்குக் குடிவந்து நாலு வருஷம்தான் ஆகிறது. உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை. ஆனால் நடுச்சுவர் வழியாக எனக்கும் அந்த இருமல் கேட்கிறது. அது அம்மாவுடையது.

ஜனவரியில் விடியற்காலை மட்டும் கேட்டது. இப்போது பாடம் தயாரிக்க உட்கார்ந்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் மூன்று தடவை கேட்கிறது. போன மாதம் நான்தான் வற்புறுத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று எடுத்தார்கள். வீட்டில் யாராவது கல்நார் வேலை பார்த்தார்களா என்று டாக்டர் கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "யாரும் இல்லைங்க" என்று சொன்னார்கள். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தார்கள். நான் கொடுக்கவில்லை. நீ வா.

டீச்சர்


ஜூன் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. தெரிந்துவிட்டது. டீச்சரைத் திட்டாதே. மார்ச் மாதம் காதில் இரைச்சல் என்று நீ எழுதினாயே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். போனில் பேசினால் இருமல் எனக்குக் கேட்டுவிடும். அதுதானே?

இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். படிவத்தின் கடைசியில் வெற்றிடம் இருந்தது. அங்கே ஸ்கேல் வைத்து நானே ஒரு கட்டம் போட்டேன். வடிதாளில் கரிநார்கள் இருந்தன என்று எழுதிப் படத்தை ஒட்டி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். மேலாளர் பார்த்துவிட்டு, "இதை உங்ககிட்ட யார் கேட்டா?" என்றார்.

"யாரும் கேக்கல சார். அதனாலதான் எழுதினேன்" என்றேன்.

அந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதுப் படிவத்தை மீட்டரிடம் கொடுத்தார்கள். மீட்டர் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் என் மேஜைக்கு வந்து நின்றார். "ரெண்டு பசங்க" என்றார். ஒரு மடித்த தாளை என் பையில் வைத்துவிட்டுப் போனார். நாற்பது நாரின் நீளத்தை ஒவ்வொன்றாக அளந்து, தன் கையால் எழுதியிருந்தார்.

அதையும் படத்தையும் வைத்து, வாங்குகிற கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரிக்கு நானே கடிதம் எழுதிவிட்டேன். இரண்டு டிரம் சரக்கு முத்திரை உடைக்காமல் திரும்பி வந்தது. மறுநாள் எனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிரிவை இன்னும் மூடவில்லை. உதிர்கிறதையெல்லாம் முன்கூட்டியே உதிர்த்துவிட்டு அனுப்ப வழி இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்களாம். அதை யார் பார்ப்பார்கள் என்று தெரியவில்லை. நானில்லை.

அழுதேன், ஒரு நாள் முழுக்க. வருத்தமில்லை, ஆனாலும் அழுதேன்.

அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். பதினாறாம் தேதி அங்கே இருப்பேன். டாக்டரிடம் ஏன் இல்லை என்று சொன்னாய் என்று எனக்குப் புரியவில்லை அம்மா. வந்து சண்டை போடுவேன், தயாராக இரு.

உன் பெண்


ஜூன் 9

என் செல்லத்துக்கு,

நீ கிளம்புவதற்குள் இது வந்துவிடும் என்று டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னார். நேரில் பேச எனக்கு வாய் வராது. படித்துவிட்டு வா. வந்த பிறகு இதைப் பற்றிச் சண்டை வேண்டாம்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். இல்லை என்று சொன்னதை ஆமாம் என்று திருத்தச் சொன்னேன். டாக்டர் எத்தனை வருஷம் என்று கேட்டார். சட்டை உதறியதைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். உன்னையும் வரச்சொன்னார், படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று. அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை வரவில்லை.

முதலில் ஏன் இல்லை என்றேன் தெரியுமா? ஆமாம் என்றால் இந்த நோயை உங்கப்பா கொண்டுவந்து எனக்குக் கொடுத்ததாக அந்தத் தாளில் ஏறிவிடும். கையில் பூவோ பொட்டலமோ இல்லாமல் ஒரு நாளும் வீட்டுக்கு வராத மனிதர். அவர் பேருக்கு நேராக இதை எழுத விட எனக்கு மனசு வரவில்லை.

இருமல் கதையும் பொய்யில்லை. ஜனவரியில் நிஜமாகவே அவர்தான் என்று நினைத்தேன். தூக்கத்தில் நானே இருமி, அந்தச் சத்தத்தில் நானே விழித்திருக்கிறேன். எனக்கு எப்படித் தெரியும்? பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் மாடிப்படியில் மூச்சு வாங்கி இருமும்போது, என் வாயிலிருந்தே அந்தச் சத்தம் வந்தது. அப்போது புரிந்தது. அதற்குப் பிறகும் உனக்கு அவர் என்றே எழுதினேன். உன்னைப் பயமுறுத்தக் கூடாது என்பது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். அது அவராக இருந்தவரைக்கும் வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். என்னுடையது என்று ஒப்புக்கொண்ட நாளிலிருந்து ஒருத்திதான்.

உன் வேலை போனதற்கு நான் வருத்தப்படவில்லை. பெருமைப்படுகிறேன் என்று எழுதினால் பெரிய வார்த்தையாக இருக்கும், அதனால் எழுதவில்லை. வழியில் சாப்பிட ஏதாவது வாங்கிக்கொள். ஜன்னல் சீட் கேள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் நீ வேண்டும். நாலு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். அவர் இருமல் எப்படி இருக்கும் என்று என் காதுக்கு வரவேயில்லை. என்னுடையதுதான் வருகிறது. உனக்கு ஞாபகம் இருந்தால், வந்து சொல்.

அம்மா